அப்ப என் மார்க்கும் பொய்யாக்கா?

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் படிப்பகம் பாதி இ-சேவை மையமாக மாறிவிடும். திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில், கைவிடப்பட்ட பழைய சத்துணவுக் கூடத்தில் நடக்கிற படிப்பகம் அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காக விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன்.

அப்படி வந்தவள்தான் மலர். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. 600-க்கு 561. பொறியியல் கட்-ஆஃப் 185. எங்கள் காலனியில் அதுவரை யாரும் எடுக்காத மதிப்பெண். விண்ணப்பத்தில் சாதிப் பிரிவு கேட்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அங்க ஓ.சி.ன்னு போட்டா என்னாகும்?"

"ஏன் அப்படிப் போடணும்?"

"எஸ்.சி.க்கு 250 ரூபா பீஸு, மத்தவங்களுக்கு 500-ன்னு போட்டிருக்கு. நான் 500-ஏ கட்டிடறேங்கா. ஜெனரல்லயே வர்றேன்."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. மதிப்பெண் வந்த அன்று வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: "உனக்கென்னடி, இவ்ளோ எடுக்கலைன்னாலும் கோட்டால சீட்டு கிடைச்சிருக்கும்." சொன்னவளுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. மலருக்கு அந்த 561-ம் அன்றே கசந்துபோயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பாடம் எடுக்கத் தோன்றும். சமூகவியல் முதுகலை படித்தவள் இல்லையா? அங்கிருந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, கரும்பலகையில் 'தகுதி' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டேன். தகுதி, திறமை என்பதெல்லாம் சமூகம் கட்டமைத்தது, ஆதிக்க சாதிகள் தங்களிடம் இருப்பதற்கு வைத்துக்கொண்ட பெயர் அது என்றேன். பூர்தியு, பண்பாட்டு மூலதனம் எல்லாம் வந்தன. "மெரிட்டுங்கறதே ஒரு பொய்" என்று முடித்தேன். இரண்டு பையன்கள் கைதட்டினார்கள்.

மலர் தட்டவில்லை. "அப்ப என் மார்க்கும் பொய்யாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. விண்ணப்பத்தைப் பாதியில் சேமித்து வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அவளுக்கு நான் பிறகு கண்டுபிடித்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். மேடையில் அதே வாக்கியத்தைச் சொல்லக்கூடிய தம்பி தங்கைகள் பலர் இதைப் படிக்கிறீர்கள் என்பதால்.

முதலில் அந்த 561 எப்படி வந்தது என்று சொல்கிறேன். அவள் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். அதன்பின் சமைத்து, இரண்டு தம்பிகளைக் கிளப்பி, பிறகுதான் இவள் பள்ளிக்குப் போகவேண்டும். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் அரை வருஷம் காலியாக இருந்தது. யூடியூபில் பாடம் பார்க்கலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும். அம்மா திரும்பி வந்து, சாப்பிட்டுப் படுத்தபிறகுதான் இவளுக்கு இயற்பியல். திருப்புதல் தேர்வு நேரத்தில் ஊர்த்தெருவில் திருவிழா, நாலு நாள் மைக்செட். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். இயற்பியலில் 88.

இந்த 88-ஐப் போய்ப் பொய் என்று சொல்லிவிட்டேன்.

அதே 561-ஐ எடுத்த வேறொரு பையனை நினைத்துப் பாருங்கள். விடுதியோடு கூடிய தனியார் பள்ளி. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. வாரம் ஒரு தேர்வு, சந்தேகம் கேட்க இரவு பத்து மணி வரை ஆசிரியர், துணி துவைக்க ஆள். அவனும் உழைத்திருக்கிறான். அவன் மதிப்பெண்ணும் பொய்யில்லை. ஆனால் இரண்டு 561-ம் ஒரே திறமையைக் காட்டுகின்றன என்றும், 565 எடுத்தவன் மலரைவிடத் தகுதியானவன் என்றும் ஒருவர் சொல்லத் தொடங்கும்போதுதான் பொய் உள்ளே வருகிறது. மதிப்பெண் தாள் ஒரு பிள்ளை எங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லும். எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

இது நம்மைப் போன்றவர்கள் மட்டும் சொல்கிற வாதமில்லை. 2022 ஜனவரியில், மருத்துவப் படிப்பின் அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் தந்தது செல்லும் என்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. போட்டித் தேர்வுகள், சில வகுப்பினருக்குத் தலைமுறைகளாகச் சேர்ந்த சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைக் காட்டுவதில்லை. ஆகவே தகுதியைச் சமூகச் சூழலில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றது.

அளவுகோலையே மாற்றினால் திறமைசாலிகளும் மாறிவிடுகிறார்கள் என்பதை நம் மாநிலம் கண்ணால் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போகமுடியாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று 2006-ல் சட்டம் இயற்றி அதை நீக்கினோம். பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆனது. 2017-ல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா ஒரே வருஷத்தில் 'தகுதியில்லாதவர்' ஆனார். உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். அந்த செப்டம்பரில் அவரை இழந்தோம். அவருடைய மூளை ஒரு வருஷத்தில் மாறிவிடவில்லை. அளக்கிற கோல் மாறியது.

அந்தக் கோல் எதை அளக்கிறது என்பதை நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கை காட்டியது. நீட்டுக்கு முன்பு, 2016-17-ல், மருத்துவ இடம் பெற்றவர்களில் ஏற்கெனவே பள்ளி முடித்து மறுமுயற்சி செய்தவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம். 2020-21-ல் அது 71 சதவீதம். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேலைக்குப் போகாமல், பயிற்சிக் கட்டணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து படிக்க எந்த வீட்டால் முடியும்? மலர் வீட்டால் முடியாது.

இவ்வளவு புனிதமான தகுதி தேவைப்பட்டால் வளையவும் செய்யும். 2023-ல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் முதுநிலைத் தேர்வின் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்று அறிவித்தார்கள். தேர்வு எழுதியிருந்தால் போதும், கலந்தாய்வுக்கு வரலாம். "கோட்டா டாக்டர்கிட்ட ஆபரேஷன் பண்ணிப்பியா?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தவரிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இட ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். மலரின் கேள்விக்கு அன்று ஏன் வாயடைத்துப் போனேன் என்றால், அவள் கேட்ட இன்னொரு கேள்வி எனக்குள் போய்க் குத்திவிட்டது. ஜெனரலிலேயே வரவேண்டும் என்ற அந்த ஆசை. அது என் ஆசையும்கூட.

நான் முதுகலையில் சேர்ந்தபோது துறைப் பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் பொதுப் போட்டிப் பிரிவில் இருந்தது. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. நல்ல மதிப்பெண் எடுத்த யாரும் அதில் வரலாம். அதில் வந்ததற்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆதிதிராவிடர் நல விடுதியில் என் அறையில் இருந்த தோழி எஸ்.சி. பட்டியலில் வந்திருந்தாள். நுழைவுத் தேர்வில் எங்கள் இருவருக்கும் நான்கு மதிப்பெண்தான் வித்தியாசம். வெபர் எனக்குத் தலைகால் புரியாதபோது சொல்லிக்கொடுத்தவள் அவள்.

ஒருநாள் துறை வராந்தாவில் பேச்சு வந்தது. "கோட்டா பசங்களாலதான் கிளாஸ் லெவலே இறங்குது" என்றான் ஒருவன். நான் சட்டென்று சொன்னேன்: "நான் ஓ.சி. லிஸ்ட்ல வந்தவ." தோழி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு லைப்ரரிப் பக்கம் நடந்துபோனாள். அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் போட்ட கோட்டின் அந்தப் பக்கம் நான் தாண்டிக் குதித்துக்கொண்டேன், அவளை இந்தப் பக்கம் விட்டுவிட்டு.

அந்த நான்கு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தில் நடந்து, கல் போட்டு, ஜாக்கி அடித்து ஓய்வு பெற்றவர். எஸ்.சி. ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. அதனால் அரக்கோணத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. படிக்க லைட் இருந்தது. ஒன்றாம் தேதி சம்பளம் இருந்தது. பக்கத்து வீட்டு கார்டு சார் வீட்டில் தினமும் பேப்பர் வாங்குவார்கள், சாயந்திரம் அது எனக்கு வரும். தோழியின் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். வெட்டுக் காலத்தில் அவளும் அம்மா அப்பாவோடு ஊர் ஊராகப் போயிருக்கிறாள், பள்ளியை விட்டுவிட்டு. என் பொதுப் பிரிவு இடத்துக்கு அடியில் என் அப்பாவின் எஸ்.சி. வேலை இருந்தது. 'சொந்தத் திறமை' என்று நான் மார்தட்டிக்கொண்டது ஒரு தலைமுறைக்கு முன்பே எங்கள் வீட்டுக்குக் கிடைத்த இட ஒதுக்கீட்டின் வட்டி.

அப்பா மாதிரி ஆட்களால் ரயில்வேயின் தரம் கெட்டுப்போனது என்று பேசுகிறவர்கள் உண்டு. பொருளியல் அறிஞர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோப்பும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையான தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களின் விகிதம் கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. உயர் பதவிகளில் அந்த விகிதம் கூடியபோது நல்ல விளைவே இருந்ததற்கான சில தடயங்கள் கிடைத்தன. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "நாங்க போட்ட லைன்ல வண்டி ஓடிட்டுதானம்மா இருக்கு" என்றார்.

ஆனால் அந்த அப்பாவையே நான் மறைத்திருக்கிறேன். படிப்பு முடித்து ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. பெயர் வேண்டாம். ஏழைகளுக்காக வேலை செய்கிற நிறுவனம்தான். என் மதிப்பெண்ணைப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு, "அப்பா என்ன செய்றார்?" "ரயில்வேல இருக்கார் சார்." "ரயில்வேல என்னவா?" நான் கொஞ்சம் தயங்கி, "இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்" என்றேன். அது பொய்யில்லை, கேங்மேன் அந்தத் துறையில்தான் வருவார். "சொந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் சாமர்த்தியம் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்தக் கேள்விகளின் வசதியே அதுதான்.

தனியாக என்னால் நிரூபிக்க முடியாததைச் சிலர் மொத்தமாக நிரூபித்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் அனுபவமும் சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமை மட்டுமே என்று சொன்ன அதே மேலாளர்கள், வேலைக்கு எடுக்கும்போது 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சொன்னார்கள். வடக்கே பெரும்பாலும் பெயரின் வாலே சாதியைச் சொல்லிவிடும். நம் ஊரில் பெயருக்கு வால் இல்லை. அதனால் அப்பா என்ன செய்கிறார், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்று, என்னைப் போல் கரும்பலகையில் கோடு போடுகிறவர்களுக்கு முக்கியம். முகம் பார்க்காத எழுத்துத் தேர்வு நம்மைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. விடைத்தாள் திருத்துகிறவருக்கு மலரின் தெரு தெரியாது. 1980-ல் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் முன்னால் நின்றவர்களை நேர்முகத்தில் கீழே தள்ளமுடிந்தது. மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே "தேர்வே வேண்டாம், தகுதியே பொய்" என்று நாம் கத்தினால், அந்த இடத்தில் சமத்துவம் வந்து உட்காராது. "அப்பா என்ன செய்றார்?" வந்து உட்காரும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தோழிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியை. வராந்தாவில் நான் சொன்னதை ஞாபகப்படுத்தி மன்னிப்புக் கேட்டேன். "அதையா இன்னும் வெச்சிட்டிருக்க?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நானும் மறக்கலடி" என்றாள்.

மறுநாள் மலரை வரச்சொன்னேன். இந்த முறை கரும்பலகைப் பக்கம் போகவில்லை. என் கதையைச் சொன்னேன், அப்பாவையும் தோழியையும் சேர்த்து. உன் மார்க் பொய்யில்லை, அது நீ காதில் பஞ்சு வைத்துப் படித்ததற்குச் சாட்சி, யாரும் அதைத் தொடமுடியாது என்றேன். நான் பொய் என்று சொல்லியிருக்க வேண்டியது, அந்த மார்க்கை வைத்து மனிதர்களை மேலே கீழே அடுக்குவதை. சாதிச் சான்றிதழ் உனக்கு மூளை குறைவு என்று தாசில்தார் எழுதிக்கொடுத்த சீட்டும் கிடையாது. உன் தாத்தா பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதற்கான அத்தாட்சி அது. அதை எடுத்துக்காட்டுவது கூச்சப்படவேண்டிய காரியமில்லை. சலுகை என்று யார் சொன்னாலும் உரிமை என்று திருத்து.

இன்னொன்றும் சொன்னேன். உன் மார்க்குக்கு நீ ஜெனரல் தரவரிசையிலும் இருப்பாய், எஸ்.சி. தரவரிசையிலும் இருப்பாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இருப்பாய், அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். மூன்று கதவும் திறந்திருக்கும்போது ஒருத்தி சொன்ன வார்த்தைக்காக இரண்டைச் சாத்திக்கொள்ளாதே. நாளைக்கு நீ ஜெனரலில் இடம் வாங்கினாலும், பக்கத்தில் நிற்கிறவளை விட்டுவிட்டு 'நான் ஓ.சி.' என்று சொல்லாதே. நான் சொன்னேன். அது நல்லா இல்லை.

மலர் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"சரிக்கா, 250-ஏ கட்டுங்க. மீதி 250-க்குத் தம்பிங்களுக்கு நோட்டு வாங்கணும்."

ஜூலையில் தரவரிசை வந்தது. கலந்தாய்வு முடிந்து ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தது. போன் செய்து சொன்னாள். பழக்க தோஷம், "எந்த லிஸ்ட்லம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த காலேஜுன்னு கேளுங்கக்கா" என்றாள்.

ஜெய்பீம்.